ஒத்துப்போகாத கணக்கு

இரண்டு மடிக்கணினிகளையும் கட்டில்மேல் அக்கம்பக்கமாக வைத்துக் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்து கிடந்தன. மத்தியானத் தூக்கம் இன்னும் பாதிக் கண்ணில் இருந்தது. திரையில் நாளைய முக்குளிப்பு ஒரு நீலக் கோடாக இறங்கியது. கப்பல் மூழ்கிக் கிடக்கும் ஆழத்தில் சற்று நேராக ஓடியது. பிறகு படிப்படியாக ஏறியது.

அந்தப் படிகளைப் போட்டுத் தருவதுதான் இந்த மென்பொருளின் வேலை. ஆழத்தில் சுவாசிக்கும் காற்று உடம்புக்குள் கரைந்துவிடும். அவசரப்பட்டு மேலே வந்தால், குலுக்கித் திறந்த சோடாவைப் போல ரத்தத்தில் குமிழ்கள் கிளம்பும்; கை கால் வலிக்கும், மரத்தும் போகும். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எந்த வாயுக் கலவை என்று சொன்னால், ஏறும்போது எங்கெங்கே எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்று அது கணக்குப் போடும். எச்சரிக்கை எவ்வளவு வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் சண்டை அங்கேதான். நான் எதிலும் பத்திரம் பார்க்கிறவள். "உன் கணக்குப்படி நின்னா தண்ணிக்குள்ளயே தலை நரைச்சிடும்" என்பார் என் கணவர்.

எனக்கோ அந்தக் கடைசி நிறுத்தம் அவ்வளவு பிடிக்கும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருவரும் நீலத்தில் தொங்குவோம். செய்வதற்கு ஒன்றுமே இருக்காது. வெயில் மேலிருந்து நூல்நூலாக இறங்கும். அவர் முகமூடிக்குள் கண்ணடிப்பார். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சண்டை போடாத இடம் அது ஒன்றுதான், வாயில் குழாய் இருப்பதால்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கொரு கணினியில், ஒருவர் போடுவதை மற்றவர் பார்க்காமல் திட்டம் போடுவோம். ஒத்துப்போகாவிட்டால், காரணம் தெரியும்வரை கடலில் கால் வைப்பதில்லை. எப்போதும் அவர் ஏற்றம்தான் குட்டையாக இருக்கும். கொஞ்சம் முறைத்துக்கொண்டு கடைசியில் என் கணக்குக்கு வந்துவிடுவார்.

இன்று அவருடையது என்னுடையதைவிட நீளமாக இருந்தது. ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கணினி மாறிவிட்டதோ என்று நினைத்தேன். ஆழத்தைப் பார்த்தேன், கலவையைப் பார்த்தேன், எல்லாம் சரி. எச்சரிக்கையை மட்டும் எல்லைவரை ஏற்றி வைத்திருந்தார். எப்போதும் பறக்கிறவர் திடீரென்று வண்டியை உருட்டினால் பக்கத்தில் இருப்பவருக்குச் சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. போன முறை மேலே வந்ததிலிருந்தே இடது கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சிலிண்டர் தூக்கியதில் சுளுக்கு என்றார். நானும் நம்பித் தைலம் தடவிவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார். நானும் பிசைந்து சாப்பிட்டிருக்கிறேன்.

"என்னங்க, அது சுளுக்கு இல்லதானே?"

ஜன்னலோரம் நின்றவர் திரும்பவில்லை. "உன் கணக்கையும் அதே மாதிரி மாத்திடு. ரெண்டும் ஒத்துப்போயிடும்."

"டாக்டரைப் பார்த்தீங்களா?"

"பார்த்தா என்ன சொல்வார்? இனிமே தண்ணிப் பக்கமே போகாதேம்பார். அப்புறம் நீ உள்ள போவே, நான் படகுல துண்டைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும்."

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அந்த நீலத்தில் நான் மட்டும் தொங்குவதை நினைத்துப் பார்த்தேன், பயமாக இருந்தது. அவர் இல்லாத வீட்டை நினைத்தேன். அது அதைவிடப் பயமாக இருந்தது. என் கணக்கில் அந்த எண்ணை மாற்ற ஒரு நொடி போதும். விரல்கூட அதன்மேல்தான் இருந்தது. இரண்டு கணினிகளையும் மூடினேன்.

"இங்க வாங்க. கையைக் காட்டுங்க."

வந்து உட்கார்ந்தார். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு இடது கையை என் மடியில் வைத்தார். முழங்கைக்குக் கீழே பிடித்தேன். ஊசிக்குப் பயந்த பிள்ளையைப் போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ம், அழுத்திப் பாரு" என்றார்.

நகம் பதியும் அளவுக்கு நான் அழுத்திக்கொண்டுதான் இருந்தேன்.