பேரும் நாளும்

ஐந்து மணிக்கு எழுந்தேன். பால் பாக்கெட்டை உள்ளே எடுத்து வைத்தேன். பல் தேய்த்தேன். வாஷிங் மெஷினிலிருந்து நேற்றைய துணிகளை எடுத்துக் கொடியில் போட்டேன். மழை வருமா என்று பார்க்கவில்லை. ஒரு வருடமாக இப்படித்தான். கைகள் முன்னால் போகும். நான் பின்னால் போவேன்.

ஹாலில் வாசல் கதவை ஒட்டி பிச்சம்மாள் உட்கார்ந்திருந்தார். என் மனைவி பகவதியின் அம்மா. முந்தின நாள் போனக்காடு தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவர். கட்டில் போட்டுக் கொடுத்தும் கதவருகே பாயில்தான் படுத்தார். காப்பி டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"சாமி குடிச்சாச்சா?"

சாமி என்றது என் அப்பா பட்டாபியை.

கரமனையில் எங்கள் வீட்டு ஹாலில் அப்பா முப்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வேதாந்த வகுப்பு எடுக்கிறார். நான் இந்த உடம்பில்லை, தோலின் நிறமில்லை, குலமில்லை, மொழியில்லை, எல்லாருக்குள்ளும் இருப்பது ஒன்றே என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். அது நடிப்பில்லை. நானும் பகவதியும் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றபோது நான்கு மாதம் பேசாமல் இருந்தார். அதுவும் நடிப்பில்லை.

பகவதி சமையலறை வாசலில் நின்று வகுப்பு கேட்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கேள்வியும் கேட்டாள்.

"அப்பா, எல்லாம் ஒண்ணுதான்னா, எங்க லயத்து வரிசை வீட்டுல வந்து பொறக்குற ஆத்மா மட்டும் ஏன் தலமுறை தலமுறையா கொளுந்து பறிக்கப் போவுது?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

"நான் சொல்றது பரமார்த்தம், கேட்டியா. முடிவான உண்மை. நீ கேக்கறது வியவஹாரம், உலக நடப்பு. ரெண்டையும் குழப்பிக்கப்படாது."

அன்று மத்தியானம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அவள் குரல் கொடுத்தாள். "அப்பா, சாப்பிட்டது பரமார்த்தம், தேய்க்கிறது வியவகாரம். அப்படித்தானே?"

அப்பா புரையேறும்வரை சிரித்தார். மறுவாரம் அவளை ஜமக்காளத்தில் வந்து உட்காரச் சொன்னார். ஆனால் அவள் அம்மா வரும்போது எல்லாம் பழையபடிதான். பிச்சம்மாள் கதவருகே உட்காருவார். அப்பா உள்ளே கூப்பிட மாட்டார். நானும் கூப்பிட்டதில்லை.

போன வருடம் பகவதிக்கு எலிக்காய்ச்சல். ஆறே நாளில் போய்விட்டாள்.

வருஷத் திதிக்கு ஏற்பாடு செய்ய வாத்தியார் போன வாரம் வந்தார். "சாஸ்திரப்படி கல்யாணம் ஆகலை. அதனால உங்க கோத்ரம் அவளுக்குக் கிடையாது. கோத்ரம் தெரியாதவாளுக்குக் காச்யபம்னு சொல்றது உண்டு. மூணு தலைமுறைப் பேரும் நானே ஏதாவது போட்டுக்கறேன்" என்றார். அப்பா தலையாட்டினார்.

யாருடைய குலத்தின் பேரிலோ, யாரோ மூன்று பேரின் வாரிசாக அவளை அனுப்ப எனக்கு மனமில்லை.

"வேண்டாம். ஆடி அமாவாசைக்கு, அந்தக் கர்க்கடக வாவுக்கு, சங்குமுகம் கடற்கரையில பிண்டபலி போடறேன்."

"அங்க ஊரே ஒரே வரிசையில உக்காரும். நம்மாத்துல அந்த வழக்கமில்லை."

"ஞாயித்துக்கிழமை நீங்க சொல்றதுதாம்பா அங்க நடக்கறது."

அப்பா எழுந்து உள்ளே போனார். ஆனால் இன்று ஆட்டோ வந்ததும் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து என்னோடும் பிச்சம்மாளோடும் ஏறினார்.

கடல் பழுப்பாக எழும்பிக்கொண்டிருந்தது. மணலில் வரிசை வரிசையாக ஈரத்துணியோடு ஜனம். ஒவ்வொருவர் முன்னாலும் வாழையிலை, எள், அரிசி. யார் எந்த ஜாதி என்று சொல்ல முடியாது. எல்லார் முதுகிலும் ஒரே மணல். நான் உட்கார்ந்தேன். பக்கத்தில் அப்பா. பலி போடும் இடத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே பிச்சம்மாள் நின்றுவிட்டார்.

பலி நடத்துபவர் மைக்கில் மலையாளத்தில் சொன்னார். "மரிச்ச ஆளுடெ பேரும் நாளும் பறஞ்ஞோளு."

இறந்தவரின் பேரையும் நாளையும் சொல்ல வேண்டும். நாள் என்றால் பிறந்த நட்சத்திரம். கோத்திரம் கேட்கவில்லை. ஆனால் பகவதியின் நட்சத்திரம் எனக்குத் தெரியாது. ஜாதகம் பார்க்காத கல்யாணம். எள்ளைக் கையில் எடுத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தேன்.

அப்பா பிச்சம்மாள் பக்கம் திரும்பினார். "கொழந்தை பொறந்த நட்சத்திரம் என்ன?"

"லயத்துல யாரு சாமி அதெல்லாம் எழுதி வெச்சா? ஆத்துப் பாலம் அடிச்சிட்டுப் போன மழையில பொறந்தா."

"உள்ள வந்து அதை நீங்களே சொல்லுங்கோ."

"பெத்தவ பிள்ளைக்குச் செய்யக்கூடாதும்பாங்க, சாமி."

"அது வியவஹாரம், சம்பந்தி. உள்ள வாங்கோ."

அப்பா நகர்ந்து மணலில் இடம் விட்டார். நான் எழுந்து கயிற்றைத் தூக்கிப் பிடித்தேன். பிச்சம்மாள் குனிந்து உள்ளே வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தார்.

"பகவதி. எம் மக." இலையைத் தொட்டுக்கொண்டார். "நான் பிச்சம்மா. எங்கம்மா இசக்கியம்மா. அவ அம்மா மாடத்தி. ஊர விட்டு மல ஏறி வந்தவ."

ஒவ்வொரு பேரையும் அப்பா திருப்பிச் சொன்னார். வகுப்பில் தழுதழுக்கும் அதே குரல். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இன்னும் உரக்கச் சொன்னார். பகவதி. பிச்சம்மாள். இசக்கியம்மாள். மாடத்தி.

"மதி, மதி. நாளு வேண்டா" என்றார் மைக்கில் இருந்தவர். பேர் போதுமாம்.

காக்கையைக் கூப்பிட மூன்று பேரும் ஈரக்கையைத் தட்டினோம். என் கை தட்டும் சத்தம் எனக்கே கேட்டது. இந்த முறை நான் கைக்குப் பின்னால் இல்லை. பத்துப் பன்னிரண்டு காக்கைகள் ஒன்றாக இறங்கின. பிச்சம்மாளின் தோளும் அப்பாவின் தோளும் இடித்துக்கொண்டிருந்தன. இருவரும் விலகவில்லை.

ஆஸ்பத்திரியில் பகவதி கடைசியாகச் சொன்னதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவிடமும்.

"அம்மா வந்தா கதவுகிட்டயே உக்காந்துக்கும். நீங்கதான் உள்ள கூப்பிடணும்."