சொதிப் பக்கம்

தில்லைநாயகம் சார் முதன்முதலாக என் கடைக்கு வந்தபோது செருப்பைக் கழற்றவில்லை. 'செருப்பை வெளியே விடவும்' என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தேன். நின்று நிதானமாக அதை வாசித்துவிட்டுத்தான் செருப்போடு உள்ளே வந்தார். தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுதி ஒட்டுகிற உத்தரவெல்லாம் மற்றவர்களுக்கு என்ற நினைப்பு மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

1999-ஆம் வருடம். பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். கொஞ்சம் கம்ப்யூட்டர், ஒரு டெலிபோன் லைன். அந்த லைன் கீச்சுக் கீச்சென்று கத்தி இணைப்புக் கிடைப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். மெயில் அனுப்ப வருகிறவர்களுக்கு வெப்சைட்டும் போட்டுக் கொடுத்தேன். இலவசமாக இடம் தருகிற வெளிநாட்டுக் கம்பெனிகள் அப்போது இருந்தன.

"நீர்தான் பாக்கியசீலனா?" என்றார். "எனக்கு ஒரு வெப்சைட் வேணும்வே. உலகம் பூரா பார்க்கணும்."

"எதைப் பத்தி சார்?"

"என்னைப் பத்தித்தான்."

பாளையங்கோட்டை பொழுதுபோக்கு மன்றத்துக்கு அவர் தலைவர். மன்றத்தில் எல்லோருக்கும் ஒரு பொழுதுபோக்கு உண்டு. இவருடைய பொழுதுபோக்கு தலைவராக இருப்பது. கேட்டால் தபால்தலை, நாணயம், தோட்டம், கைரேகை என்று வரிசையாகச் சொல்வார். தபால்தலையெல்லாம் ஆபீசுக்கு வந்த உறைகளிலிருந்து பியூன் கிழித்துக் கொடுத்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றியவனும் பியூன்தான்.

அவர் சொன்னபடியே செய்து கொடுத்தேன். பக்கத்தைத் திறந்ததும் நாதஸ்வரம் வாசிக்கும். 'வருக வருக' என்று சிவப்பு எழுத்து விட்டுவிட்டு மின்னும். அதற்குக் கீழே மாலை போட்ட கோலத்தில் அவர். அதற்குக் கீழே கலெக்டரோடு அவர். பிறகு வாழ்க்கைக் குறிப்பு. பிறகு தலைவர் உரை. தபால்தலை பற்றி ஒரே ஒரு வரி, 'விரைவில்' என்று. அடியில், எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று காட்டுகிற கவுண்டர். தினமும் சாயங்காலம் வந்து உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் தானே மறுபடி மறுபடி திறந்து பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் கவுண்டர் ஒன்று ஏறும். "பார்த்தீரா, கூட்டம் வருதுவே" என்பார். வந்த கூட்டம் அவர்தான் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

அதே கடையில், ஜன்னலோரக் கம்ப்யூட்டரில், சனிக்கிழமை மத்தியானம் சித்ரலேகா டீச்சர் உட்காருவார். பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவர். நியூஜெர்ஸியில் இருந்த தம்பிக்கு மெயில் அனுப்பத்தான் முதலில் வந்தார். தம்பி கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: ஊரில் யாருக்குக் கல்யாணம், மறுநாள் சொதி எப்படி இருந்தது. திருநெல்வேலி சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் சாப்பாட்டுக்குச் சாம்பார் கிடையாது. தேங்காய்ப்பாலில் வைத்த சொதியும் இஞ்சிப் பச்சடியும்தான். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பிரியாணி. எனக்கு டீச்சர் எழுதியதை வாசித்துத்தான் சொதி என்றால் என்னவென்றே தெரிந்தது.

தம்பி அந்த மெயில்களைச் சிநேகிதர்களுக்கு அனுப்பினான். அவர்கள் இன்னும் கேட்டார்கள். "பேசாம ஒரு பக்கமா போட்டிருவோம் டீச்சர்" என்று நான்தான் சொன்னேன். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, மேலே 'சொதி' என்று ஒரு சொல். போட்டோ வேண்டாம் என்றுவிட்டார். கவுண்டரும் வேண்டாம் என்றார்.

அவர் எழுதியதில் ஒன்று இது:

'நாங்குநேரியில் ஒரு கல்யாணம். சொதி என்று சொல்லி ஒன்றை ஊற்றினார்கள். முதலில் பிழிகிற தலைப்பாலைக் காணோம். கெட்டியாகத் தெரியவேண்டும் என்று மாவு கரைத்து விட்டிருந்தார்கள். ஆறியதும் இலையில் பசை மாதிரி நின்றது. போஸ்டர் ஒட்டலாம். எலுமிச்சம்பழத்தை இறக்கிய பிறகு பிழிய வேண்டும் என்று சமையல்காரருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கொதிக்கக் கொதிக்கப் பிழிந்து கசக்க வைத்துவிட்டார். பெண் மட்டும் நன்றாக இருந்தாள்.'

வீட்டுக்காரர் பெயர் போடமாட்டார். ஊர் பெயர் போதும், எல்லோருக்கும் தெரிந்துவிடும். சிலர் டீச்சரைக் கல்யாணத்துக்கு அழைப்பதை நிறுத்தினார்கள். சிலர் அவர் வருகிறார் என்று தெரிந்து தேங்காய் கூட வாங்கினார்கள். அமெரிக்கா, சிங்கப்பூர், குவைத் என்று எங்கெங்கிருந்தோ கடிதம் வந்தது. தமிழ் எழுத்துருவை இறக்கத் தெரியாமல், கட்டம் கட்டமாகத் தெரிகிறது, எப்படி வாசிப்பது என்று கெஞ்சி எழுதினார்கள். பாதாம் பாலில் சொதி வைக்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். 'வைக்கலாம், அதற்கு வேறு பெயர் வைத்துக்கொள்ளுங்கள்' என்று பதில் போட்டார். ஒரு கடிதத்துக்கும் பதில் போடாமல் எழுந்ததில்லை.

தில்லைநாயகம் சார் இதைக் கவனித்துவிட்டார்.

"அந்தம்மாவுக்கு மட்டும் எப்படிவே இத்தனை லெட்டர் வருது?"

"அவங்க சொதியைப் பத்தி எழுதுதாங்க சார்."

"குழம்பைப் பத்தியா?" சிரித்தார். "ஒரு பொம்பள குழம்பை எழுதுதா, அதை அமெரிக்காவுல ஒருத்தன் உக்காந்து பார்க்குதானா? வெளங்கும்."

சிரித்துவிட்டு ஜன்னலோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கொஞ்சநாள் கடைப்பக்கம் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை டீச்சருக்குச் சிங்கப்பூரிலிருந்து மெயில். 'நீங்கள் பக்கத்தை மாற்றிவிட்டீர்களா? உங்கள் கட்டுரைகளை நாதஸ்வரம் வாசிக்கிற வேறு பக்கத்தில் பார்த்தேன்' என்று. நான் திறந்து காட்டினேன். மாலை போட்ட தில்லைநாயகத்துக்குக் கீழே 'எனது சொதி அனுபவங்கள்' என்று புதுத் தலைப்பு. அதற்கு அடியில் டீச்சர் எழுதியது மொத்தமும், நாங்குநேரி பசை உட்பட. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற அவருடைய மருமகன் சிவசண்முகம் வாரிப் போட்டிருந்தான். ஒரு கமாவைக்கூட மாற்றவில்லை.

டீச்சர் கடைசி வரைக்கும் வாசித்தார். ஓரிடத்தில் நிறுத்தி, திரையை விரலால் தொட்டார்.

"இதையுமா எடுத்திருக்காரு?"

எட்டிப் பார்த்தேன். ராஜவல்லிபுரத்துக் கல்யாணம் ஒன்றைப் பற்றி அவர் எழுதியது:

'அப்போது என் சின்ன மகள் வயிற்றில். பூண்டு வாசனை பட்டாலே குமட்டும். ஆனால் அன்றைக்குப் பூண்டு மிதக்க வந்த சொதியை வெட்கமில்லாமல் கேட்டுக் கேட்டு வாங்கினேன். மாமியார் என் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, பையன்தான் என்றார்கள். சொதியைப் பற்றி அவர்கள் சொன்னது எல்லாமே சரியாக இருக்கும். மற்றதில் கொஞ்சம் முன்பின் ஆகும்.'

நான் சிரித்துவிட்டேன். டீச்சர் சிரிக்கவில்லை. முகம் சிவந்திருந்தது. அவர் வீட்டு விஷயம் அது. மாமியார் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அவருடைய கணவர் கணேஷ்ராம் தில்லைநாயகத்தின் கீழே வேலை பார்த்தவர். அவர் ஓய்வு பெற்ற பிறகும் அவரைத் தெருவில் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். "பெரிய மனுஷன், விட்டிரு சித்ரா" என்று சொன்னாராம். டீச்சர் விடவில்லை. மறுநாளே திருநெல்வேலி டவுணுக்குப் பஸ் ஏறி, கீழ ரதவீதிக்குப் பக்கத்தில் இருந்த தில்லைநாயகம் வீட்டுக்கே போய்க் கேட்டிருக்கிறார். அங்கே நடந்ததைப் பிறகு என்னிடம் சொன்னார்.

ஈசிச்சேரிலிருந்து எழுந்திருக்காமலே பேசினாராம். "சொதி என்ன உங்க வீட்டுச் சொத்தாம்மா? எல்லாரும்தான் சாப்பிடுதோம்."

"சொதியைக் கேக்கல. நான் எழுதினதைக் கேக்கேன்."

"எழுத்துன்னா ஒருத்தர் மாதிரி ஒருத்தர் எழுதுததுதான். வேணும்னா கீழே 'உதவி: சித்ரலேகா'ன்னு போடச் சொல்லுதேன். கணேஷ்ராமும் சந்தோஷப்படுவான்."

"நீங்க அதை வாசிச்சீங்களா?"

"வாசிக்காமலா? வரிக்கு வரி நான் உக்காந்து எழுதினதும்மா."

டீச்சர் "அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

"சொல்லியிருக்கலாமே டீச்சர், அந்த ராஜவல்லிபுரத்து வரியை" என்றேன்.

"எதுக்கு? அவர் எழுதினதுதானே. அவருக்குத் தெரியாதா?"

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மன்றத்தின் ஆண்டு விழா. தலைவருடைய வெப்சைட் அறிமுகமும் அதிலேயே. கம்ப்யூட்டரை மண்டபத்துக்குத் தூக்கிவரச் சொல்லி எனக்கு உத்தரவு. அங்கே டெலிபோன் கிடையாது. பக்கத்தைப் பிளாப்பியில் எடுத்துக்கொண்டு போய்த் திறந்து வைத்தேன். நாதஸ்வரம் கீச்சென்று கேட்டது. மேடைக்குக் கீழே இருந்தவர்களுக்குத் திரை தெரியாது என்பதால் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார்கள். பிரிண்ட் எடுக்கும்போது தில்லைநாயகம் சாரிடம் கேட்டேன், "ஒருதரம் வாசிச்சிருதீங்களா சார்?" என்று. "வேலையைப் பாரும்வே" என்றார்.

மேடையில் பொன்னாடைகள். வந்தவர் போனவர் எல்லோருக்கும் போர்த்தினார்கள். பிறகு சிறப்பு விருந்தினர் திருஞானசம்பந்தம் எழுந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். மைக் இல்லாமலே தெருக்கோடி வரை கேட்கிற குரல். எதைக் கொடுத்தாலும் தேவாரம் ஓதுவது மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசிப்பார்.

"நம் தலைவர் நாவால் அறிந்ததை எழுத்தால் வடித்திருக்கிறார். ஒரு பகுதியை வாசிக்கிறேன்" என்று காகிதத்தைப் பிரித்தார். எந்தப் பகுதி என்று யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. மேலாக இருந்த தாள் அது.

"'ராஜவல்லிபுரத்திலே ஒரு திருமணம். அப்போது...'" சற்று நிறுத்தினார். "'அப்போது என் சின்ன மகள் வயிற்றில்.'"

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. தலைமையாசிரியர் தொடங்கிய பத்தியை முடிக்காமல் விட்டுப் பழகாதவர். மேலே போனார். குமட்டல் வந்தது. வெட்கமில்லாமல் கேட்டு வாங்கியது வந்தது. மாமியார் வயிற்றைத் தொட்ட இடத்தில் மண்டபமே ஆடியது. ஒரு பெரியவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டார். தில்லைநாயகம் சார் மேடையில் பொன்னாடையை இழுத்துவிட்டுக்கொண்டு, சிரிப்பவர்களைப் பார்த்துக் கும்பிட்டார். பாராட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். பக்கத்தில் இருந்த செயலாளர் காதில் சொன்ன பிறகுதான் கும்பிட்ட கை இறங்கியது.

டீச்சர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். கணேஷ்ராம் தலையைக் குனிந்து கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை, அவருக்கும் சிரிப்புதான். இத்தனை வருடமும் அந்த ஆளைப் பார்த்துச் சைக்கிளை விட்டு இறங்கியவர்.

அதற்குப் பிறகாவது மனுஷன் வெட்கப்பட்டிருப்பார் என்று நினைப்பீர்கள். 'டைப் அடித்தவன் செய்த பிழை' என்று மன்றத்துக்கு விளக்கம் கொடுத்தார். மருமகனைக் கூப்பிட்டு அந்த ஒரு பத்தியை மட்டும் எடுக்கச் சொன்னார். மீதி எல்லாம் அப்படியே நின்றது. ஆனால் விஷயம் அதற்குள் கடல் தாண்டிவிட்டது. அவருடைய பக்கத்தில் யார் வேண்டுமானாலும் கருத்து எழுதுகிற ஓர் இடத்தையும் மருமகன் வைத்திருந்தான். இத்தனை நாளும் காலியாகக் கிடந்த அந்த இடம் நிரம்ப ஆரம்பித்தது. 'தாயும் சேயும் நலமா?' என்று நியூஜெர்ஸியிலிருந்து கேட்டிருந்தார்கள். 'பிரசவ லேகியம் அனுப்பவா?' என்று குவைத்திலிருந்து. கவுண்டர் உண்மையாகவே ஏறியது. அவர் வாழ்நாளில் வந்த ஒரே கூட்டம் அது. ஒரு வாரத்தில் பக்கத்தையே எடுத்துவிட்டார்கள்.

இதை எழுதினால் உலகமே சிரிக்கும் என்று நான் டீச்சரிடம் சொன்னேன். சிங்கப்பூர்க்காரரும் அதைத்தான் கேட்டு எழுதியிருந்தார். டீச்சர் கீபோர்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

"விழாவுல சாப்பாடு போட்டாங்களா?"

"இல்ல டீச்சர். மிக்சரும் காபியும்தான்."

"அப்புறம் எழுத அங்கன என்ன இருக்கு?"

அன்றைக்கு அவர் சுத்தமல்லியில் நடந்த ஒரு கல்யாணத்தைப் பற்றி எழுதினார். சொதி சுமார், உருளைக்கிழங்கு சிப்ஸ் நமுத்துப் போயிருந்தது.

சில மாதம் கழித்துத் தில்லைநாயகம் சார் மறுபடி கடைக்கு வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். செருப்பு காலில்தான் இருந்தது. என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இப்ப எதை எழுதினாவே ஆளுங்க பார்க்குதாங்க?"

"உங்களுக்கு எது பிடிக்கும் சார்? அதை எழுதுங்க."

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். நெற்றியைத் தடவினார், ஜன்னல் வழியே முருகன்குறிச்சி பஸ் ஸ்டாப்பைப் பார்த்தார். அறுபது வயது தாண்டிய மனுஷன் தனக்குப் பிடித்தது ஒன்றைத் தேடிப்பார்த்துக் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"நீரே ஒண்ணு சொல்லும்வே" என்றார் கடைசியில்.

"கம்ப்யூட்டருக்கு ஆள் காத்திருக்கு சார்" என்றேன்.

எழுந்து, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பைய இறங்கிப் போனார்.