வெளிநாட்டவர் வாசல்

அந்தக் கோயிலுக்கு நான்கு வாசல்கள். மூன்றில் ஜனங்கள் முண்டியடித்துக்கொண்டு நுழைந்தார்கள். நான்காவதில் ‘வெளிநாட்டவர்’ என்று ஒரு பலகை தொங்கியது.

அவள் முதலில் கூட்டத்தோடு கூட்டமாகக் கிழக்கு வாசலில்தான் நின்றாள். அடையாள அட்டை கேட்ட காவலாளியிடம் பாஸ்போர்ட்டை நீட்டினாள். அவர் அதை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, “அம்மா, நீங்க அந்தப் பக்கம் போகணும்,” என்றார்.

“உங்க பாஷைதானேங்க பேசறேன்.”

“பேச்சு நம்ம பேச்சுதாம்மா. புத்தகம் வேற நாட்டுப் புத்தகமா இருக்கே.”

அவளுக்கு எந்த வாசலாக இருந்தாலும் ஒன்றுதான். சாமி கும்பிட வந்தவள் இல்லை அவள். கடல் தாண்டி ஒரு பெரிய நகரத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பஸ் ஓட்டுகிறவள். தம்பியைத் தேடி வந்திருந்தாள். ஆறு வருடத்துக்கு முன்னால் இரண்டு வாரச் சுற்றுலா என்று கிளம்பி இந்த ஊருக்கு வந்தவன், திரும்பவே இல்லை. முதல் வருடம் போனில் பேசினான். அப்புறம் அதுவும் நின்றது. போன மாதம் அம்மாவின் சிநேகிதி ஒருத்தி இங்கே யாத்திரை வந்துபோய், “உன் பையன் கோயில்ல வெளிநாட்டவர் வாசல்ல ஷூவுக்கு டோக்கன் குடுத்துட்டு உக்காந்திருக்கான். பாவம், பாதி உடம்பா ஆயிட்டான்,” என்று சொன்னதிலிருந்து அம்மா சோற்றில் கை வைக்கவில்லை. அம்மாவுக்கு முட்டி வலி, விமானம் ஏற முடியாது. ஆகவே அக்காக்காரி லீவு போட்டுவிட்டு வந்தாள். போக ஒரு டிக்கெட், வர இரண்டு டிக்கெட்.

நான்காவது வாசலில் ஒரு மர அடுக்குக்குப் பின்னால் ஒருவன் குனிந்து உட்கார்ந்திருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. அவள் ஒன்றும் பேசாமல் ஷூவைக் கழற்றி வைத்தாள். அவன் எடுத்தான், திருப்பிப் பார்த்தான். நிமிரவில்லை.

“வலது அடி மட்டும் தேஞ்சிருக்கு,” என்றான். “இன்னும் அதே டிப்போவாக்கா?”

இந்த ஒரு நிமிடத்துக்காக வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த திட்டு அத்தனையும் எங்கோ போய்விட்டது. “டிப்போ மாறிட்டேன்டா,” என்று மட்டும் சொன்னாள்.

ஓர் அச்சகத்தின் பின்னறையில் அவன் குடியிருந்தான். ஒரு கட்டில், ஒரு பிளாஸ்டிக் வாளி, சுவரோரம் கூரை வரைக்கும் காகிதக் கட்டுகள். கதவைச் சாத்தினாலும் இயந்திரத்தின் சத்தம் தரையில் அதிர்ந்தது. சாமி படம் ஒன்றுகூட இல்லை. அவள் கட்டிலில் உட்கார்ந்தாள், அவன் காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்தான். சுற்றி வளைக்கத் தெரியாதவள் அவள், நேராகவே கேட்டாள்.

“வீட்டுக்கு வர்றியா?”

“வர்றேன்,” என்றான்.

கல்லில் நார் உரிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்து வந்தவளுக்கு, கேட்டதும் கிடைத்தது நம்ப முடியவில்லை. “நிஜமாவா?” என்று இன்னொரு தரம் கேட்டாள். “நிஜமாத்தான். ஆனா விசா முடிஞ்சு அஞ்சு வருஷமாச்சு. அனுமதி வாங்காம ஏர்போர்ட்ல விடமாட்டாங்க,” என்றான்.

மறுநாள் திங்கட்கிழமை. இருவரும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் போய் உட்கார்ந்தார்கள். நீளமான ஒரு பெஞ்சு, இரண்டு ஜன்னல். அதில் ஒன்று எப்போதும் மூடியே இருந்தது. திறந்த ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா அம்மா ஒரு படிவம் கொடுத்தார். அதை நிரப்பிக் கொடுத்ததும் அவன் அங்கே குடியிருப்பதாக அச்சக முதலாளியின் கடிதம் வேண்டும் என்றார். செவ்வாய்க்கிழமை கடிதத்தோடு போனால், போட்டோவில் காது தெரியவில்லை என்றார். புதன்கிழமை காது தெரிந்தது, கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரியைக் காணோம்.

“சாமி வரம் குடுத்தாலும் பூசாரி வரம் குடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க,” என்றான் தம்பி.

“சாமியைத்தான் தினம் பாக்கறியே, அங்க ஒரு வார்த்தை சொல்லி வைக்கக்கூடாதா?”

“நான் எங்கக்கா பாக்கறேன்? ஆறு வருஷமா ஷூவைத்தான் பாக்கறேன்.”

அந்தப் பெஞ்சில் இருவரும் சின்ன வயதில்கூடப் பேசாத அளவு பேசினார்கள். அம்மா டெலிபோனில் கத்திப் பேசுவதை அவன் பேசிக் காட்டினான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் குமாஸ்தா அம்மா எட்டிப் பார்த்தார். மத்தியானம் எதிர்க்கடையில் டீ வாங்கி, ஒரே டம்ளரில் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். அவள் அம்மாவுக்குப் போன் போட்டு, “கையோட கூட்டிட்டு வர்றேன்,” என்றாள். அம்மா அன்றைக்கே அவன் அறையைப் பெருக்கித் துடைத்து, உத்தேசமாக ஒரு அளவில் சட்டை வாங்கி வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் குமாஸ்தா அம்மா அவர்களைக் கூப்பிட்டார். “கையெழுத்தாயிடுச்சு. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு அவரே வந்து கைப்பட வாங்கிக்கணும். வேற யார்கிட்டயும் குடுக்கமாட்டோம்.” முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு இருந்தது. “நல்லபடியா போய்ச் சேருங்க.”

வெள்ளிக்கிழமை அவள் ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டாள். பத்து அடித்தது. பதினொன்று அடித்தது. தெரு முனைக்கு நாலு தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அப்புறம் ஆட்டோ பிடித்து அச்சகத்துக்குப் போனாள்.

அவன் காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தான். குளித்துச் சட்டை மாற்றியிருந்தான். ஆனால் பை எதுவும் கட்டவில்லை.

“மணி என்னடா ஆச்சு? எழுந்திரு.”

“நான் வரலக்கா.”

அவள் கதவருகிலேயே நின்றாள். “அப்ப நாலு நாளா என் கூட வந்து உக்காந்தியே, அது எதுக்கு?”

“வரலன்னு முதல் நாளே சொல்லியிருந்தா நீ அன்னிக்கே கிளம்பியிருப்ப. நாலு நாள் உன்கூட இருந்தேன்ல.”

அவள் கையை ஓங்கிவிட்டாள். அவன் விலகவில்லை, முகத்தைக் காட்டிக்கொண்டு அப்படியே இருந்தான். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

தங்கள் ஊரில் அவன் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவன். மாதம் நாற்பது லிப்டுகளைச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கட்டடத்துக்கு மட்டும் நேரமில்லாமல், பிரேக்கைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டான். ஒன்பதாம் நாள் லிப்ட் விழுந்தது. உள்ளே இருந்த துப்புரவுக்காரப் பெண்ணுக்கு இரண்டு காலும் போயிற்று. கம்பெனி நல்ல வக்கீலை வைத்துப் பேசி, யார்மேலும் குற்றமில்லை என்று தீர்ப்பு வாங்கியது. அதற்கு அடுத்த மாதம்தான் அவன் சுற்றுலா கிளம்பினான். வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும். யாரும் இதைப் பற்றிப் பேசியதில்லை.

“அது முடிஞ்சுபோன விஷயம்டா,” என்றாள். “கோர்ட்டே விட்டாச்சு.”

“கோர்ட் விட்டுச்சு. இங்க ஆத்துல முழுகினா எல்லாம் போயிடும்னாங்க. முழுகிப் பார்த்தேன். குளிர்தான் வந்துச்சு.”

“நம்பிக்கையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அப்புறம் இங்க என்னதான் இருக்கு உனக்கு?”

“இந்த ஊர்ல கோபுரத்தைவிட உசரமா யாரும் கட்டக்கூடாது. மூணு மாடிக்கு மேல வீடே கிடையாது,” என்றான். “லிப்டே இல்லக்கா இங்க. தூக்கம் வருது.”

அவள் அழுதாள், கெஞ்சினாள், அம்மா வாங்கி வைத்திருக்கும் சட்டையைச் சொன்னாள். செவிடன் காதில் ஊதிய சங்கு. அவன் எழுந்து போய் அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். ஒரு மணிக்கு வாசல் வேலை இருக்கிறது, போக வேண்டும் என்றான். தெரு வரைக்கும் கூட வந்தான். ஆட்டோவில் ஏறியதும் அவள் முழங்கையை ஒரு தரம் தொட்டுவிட்டு, கோயில் பக்கமாக நடந்துவிட்டான்.

விமானத்தில் பக்கத்துச் சீட் காலியாக வந்தது. விமான நிலையத்தில் அம்மா, சரியாக நடக்க முடியாதவள், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். அந்த நேரத்தில், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான் என்பதைச் சொல்ல மகளுக்கு நாக்கு எழவில்லை.

“அனுமதி குடுக்கலம்மா,” என்றாள். “ஆபீஸ்ல இழுத்தடிக்கறாங்க.”

சொல்லியிருக்கக் கூடாது. அம்மா மறுநாளே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அந்த அலுவலகத்துக்கு மனு எழுத ஆரம்பித்தாள். ‘ஐயா, என் மகன் நல்லவன், அவனை அனுப்பி வையுங்கள்.’ மாதம் ஒன்று. பதில் வராவிட்டால் இரண்டு. முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு தபாலாபீசுக்குத் தானே நடந்தாள். நாள் ஆக ஆக அந்தப் பொய்யைத் திரும்ப எடுப்பது மகளுக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று. அம்மாவுக்குச் செய்ய ஒரு வேலை கிடைத்திருக்கிறதே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

ஒன்பது மாதம் கழித்துப் பதில் வந்தது. மத்தியான ஷிப்ட் முடித்து அவள் உள்ளே வந்தபோது, அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்திருந்தாள். கடிதத்தை உரக்க வாசித்தாள். மேற்படி நபருக்கு வெளியேறும் அனுமதி அப்போதே வழங்கப்பட்டதாகவும், அவர் நேரில் வந்து பெற்றுக்கொள்ளாததால் அது காலாவதியானதாகவும் எழுதியிருந்தது.

“வரமாட்டேன்னுட்டானா?”

“ஆமாம்மா.”

“எதனாலயாம்?”

அவள் சொன்னாள். லிப்ட் இல்லாத ஊர், தூக்கம் வருகிறது என்றான், எல்லாம் சொன்னாள். அம்மா கோபப்படவில்லை. ஏழாவது மாடியில் இருந்த அந்த வீட்டின் ஜன்னலை ஒரு தரம் பார்த்தாள்.

“தரையோட ஒரு வீடு பாத்திருப்பேனே,” என்றாள். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி.”

மகள் அச்சகத்தின் நம்பரைத் தேடி எடுத்துப் போன் போட்டாள். முதலாளிதான் எடுத்தார். அவன் போய் இரண்டு மாதமாகிறதாம். இரண்டாவது வாசலுக்கு அரசாங்கம் லிப்ட் வைக்கப் போவதாகப் பேச்சு அடிபட்டதாம், படியேற முடியாத வயசானவர்களுக்காக. அந்த வாரமே அறையைக் காலி செய்துவிட்டானாம். எங்கே என்று யாரிடமும் சொல்லவில்லையாம்.

“என்ன சொல்றாங்க?” என்று கேட்டாள் அம்மா.

“அங்க இல்லையாம்மா. எங்க போனான்னு அவங்களுக்கும் தெரியலையாம்.”

அம்மா தலையாட்டினாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.