முப்பதாம் நாள் அட்டை

காலை ஐந்தரைக்கு எழுகிறேன். தெருக்குழாயில் இரண்டு குடம் பிடிக்கிறேன். பால் இல்லாமல் காப்பி போட்டுக் குடிக்கிறேன். பிறகு பின்பக்கச் சுவரில் பந்தை எறிந்து பிடிக்கிறேன். ஐம்பத்து மூன்று தடவை. ஒன்று தவறினாலும் முதலிலிருந்து. ஏழரைக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு துறைமுகம். அங்கே ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை.

முன்பெல்லாம் பந்தை எறிந்தது என் மனைவி கிளாடிஸ். நான் பிடிக்கிற ஒவ்வொரு பந்துக்கும் ஜெபமாலையில் ஒரு மணி தள்ளுவாள். ஐம்பத்து மூன்று சிறிய மணிகள்.

"மாதா இதுக்கெல்லாம் கோவிக்க மாட்டாவ. நீங்க பந்த விட்டியள்னாத்தான் கோவிப்பாவ" என்பாள்.

அந்த ஜெபமாலை அவள் கையில் சுற்றியபடியே கல்லறைக்குப் போய்விட்டது. இப்போது நானே எண்ணுகிறேன். எதற்கு என்று தெரியவில்லை. வெளிநாட்டுப் பயணத்துக்கான இந்திய அணியின் பட்டியல் பேப்பரில் வந்து பத்து நாள் ஆகிறது. இரண்டாவது விக்கெட் கீப்பராகப் பம்பாய்க்காரன் போகிறான். கிளாடிசின் அண்ணன் பாஸ்கல் இந்தத் தெருப் பக்கம் வருவதே இல்லை.

முதல் தேர்வு பிப்ரவரியில், மெட்ராசில். கிளாடிசுக்கு அப்போது மூன்று நாளாகக் காய்ச்சல். பக்கத்து வீட்டு பேபியக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனேன். மறுநாள் ஐந்து கேட்ச் பிடித்தேன். கையுறையைக் கழற்றும்போது தந்தியைக் கொடுத்தார்கள்.

நான் கிளம்பி, பேபியக்கா வந்து பார்ப்பதற்குள் அவளுக்கு நினைவு தப்பியிருக்கிறது. அதனால் அவள் கடைசியாகப் பேசியது என்னிடம்தான். அடக்கத்துக்கு வந்த எல்லாரும் என்ன சொன்னாள் என்று கேட்டார்கள்.

"போய் இந்தியாவுக்கு ஆடுங்கன்னா" என்றேன். வாயில் அதுதான் வந்தது. பாஸ்கல் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

பாஸ்கல் சங்கு குளிப்பவர். அவர் கடலில் மூழ்கும்போது, அவரை மேலே இழுக்கும் கயிற்றைத் தோணியில் பிடிப்பது அவர் மனைவியின் தம்பி. எங்கள் கரையில் அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள். கூடப்பிறந்தவள் தாலியறுக்க எவனும் விடமாட்டான் என்ற நம்பிக்கை.

முப்பதாம் நாள் பூசைக்கு அவர் அட்டை அடித்திருந்தார். கிளாடிசின் படம், பிறந்த தேதி, இறந்த தேதி. அதன் கீழே, 'கடைசி வார்த்தை: போய் இந்தியாவுக்கு ஆடுங்க.' இருநூறு அட்டை. கோவில் வாசலில் எல்லாரும் வாங்கிப் படித்துவிட்டு என் கையைப் பிடித்தார்கள்.

பூசை முடிந்த மூன்றாம் நாள் மெட்ராசில் கடைசித் தேர்வு. ஒரே ஒரு இடம், இரண்டு கீப்பர்கள். நான் போகவில்லை என்றேன்.

"அவ சொல்லிட்டுப் போயிருக்கா, நீ மாட்டேங்கியோ?" என்றார் பாஸ்கல். "கெளம்பு மாப்ள. நானும் வாரேன்."

"சங்கு சீசன் நேரம். நீங்க எதுக்கு மச்சான்?"

"கயிறு பிடிக்கத்தான். தரைல முங்குறவனுக்கும் ஆளு வேணும்லா."

ரயிலில் எதிரே இருந்த பெண்ணுக்கும் ஒரு அட்டை கொடுத்தார்.

அன்று முழுவதும் நான் ஒரு பந்தையும் விடவில்லை. லெக் சைடில் இரண்டு ஸ்டம்பிங். பம்பாய்க்காரன் ஒரு சுலபமான கேட்சை நழுவவிட்டான். எல்லைக்கு வெளியே நின்ற பாஸ்கல் பக்கத்து ஆளிடம் சொல்வது எனக்கே கேட்டது. "நம்ம மாப்ளதான். அது கை இல்ல அண்ணாச்சி, வலை. நெத்திலிகூடத் தப்பாது."

மாலையில் தேர்வாளர் சுந்தரராஜ் என்னையும் பாஸ்கலையும் தனியாகக் கூப்பிட்டார்.

"கீப்பிங்ல நீதான் முன்னால. ஆனா நாலு மாச டூர். மனைவி போய் ஒரு மாசந்தான் ஆகுது, அங்க போய் ஒடஞ்சுட்டான்னா என்ன பண்றதுன்னு கமிட்டில கேக்கறாங்க." சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்தார். பாஸ்கல் கொடுத்திருக்கிறார். "இதக் காட்டினா யாரும் பேசமாட்டாங்க. அவங்க இப்படிச் சொன்னது நிஜந்தானே?"

பாஸ்கல் எனக்காகத் தலையாட்டினார். என் பை அவர் தோளில் தொங்கியது. நானும் தலையாட்டியிருந்தால் போதும்.

"அவ அப்படிச் சொல்லல சார்" என்றேன்.

"வெயில்ல நின்னது சார். மாப்ளைக்குக் கிறுகிறுத்துட்டு" என்றார் பாஸ்கல்.

"பின்ன என்னதான் சொன்னாங்க?"

முதல் தேர்வுக்கு நான் கிளம்பிய காலை பாஸ்கல் கடலில் இருந்தார். தோணி பதினொரு மணிக்குக் கரை சேரும். எனக்கு ஒன்பது மணிக்கு பஸ். நான் பெட்டியோடு வாசலில் நின்றேன். அவள் பாயில் படுத்திருந்தாள். அவள் அப்போது சொன்னதை இப்போது அப்படியே சொன்னேன்.

"அண்ணன் கடல்ல இருந்து வார வரைக்கும் இருங்க. ஒத்தைல பயமா இருக்கு."