மச்சான் பிடித்த கயிறு

சதக்குத்தம்பிக்குக் கோபம் வந்தால் திரேஸ்புரம் கரையில் ஐஸ் வியாபாரிகள் சாக்கை இழுத்துக் கட்டிகளை மூடிவிடுவார்கள். ஒருமுறை மூட மறந்ததில் ஒரு லோடு ஐஸ் தண்ணீராய் ஓடிவிட்டதாகச் சொல்வார்கள். ஜனங்கள் எதையும் கூட்டித்தான் சொல்வார்கள். ஓடியது முக்கால் லோடுதான்.

அத்தனை கோபமும் ஒரே ஆள்மேல்தான். அவர் பெயர் மீரான்கனி, தங்கை பீரம்மாளின் மாப்பிள்ளை, சங்கு குளிக்கிறவர். இந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குள் இறங்குகிறவரின் இடுப்புக் கயிற்றைப் படகிலிருந்து பிடிப்பவர் அவருடைய மச்சானாக இருக்கவேண்டும். கூடப்பிறந்த அண்ணன் தம்பியென்றால் சொத்து ஞாபகம் வந்து கை நழுவினாலும் நழுவும். மச்சானுக்கு நழுவாது, தன் தங்கை அல்லவா விதவையாவாள்!

ஆக, கோபத்துக்குக் காரணமானவரின் உயிரைத் தினமும் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே சதக்குத்தம்பியின் தொழில்.

மீரான்கனி குஞ்சுச் சங்குகளை எடுப்பார். அதுதான் அவர் குற்றம். அளவு வளையத்துக்குள் நுழைந்து மறுபக்கம் விழுகிற சங்கு குஞ்சு. அதைத் திரும்பக் கடலில் போட்டுவிடவேண்டும். சட்டம் அப்படி. சதக்குத்தம்பியைக் கேட்டால் மார்க்கமும் அப்படித்தான். அல்லாஹ் வளரவிட்டிருப்பதை வளருமுன் பிடுங்குவது அவருக்குத் திருட்டு. அந்தத் திருட்டில் வாங்கிய அரிசி தங்கை வீட்டுப் பானையில் வேகிறதே என்று நினைக்கும்போதெல்லாம் அவர் கழுத்து நரம்பு கயிற்றைவிடத் தடிமனாகும்.

அன்றைக்கும் மீரான்கனி மேலே வந்து பையைத் தட்டினார். அடியில் குஞ்சுகள் கிடந்தன.

"ஏலே மீரான்! இது சங்கா, சங்கு போட்ட முட்டையா? எத்தன வருசமா சொல்லுதேன்!"

"நான் எடுக்கலேன்னா இன்னொருத்தன் எடுப்பான், மச்சான்."

"இன்னொருத்தன் நரகத்துக்குப் போனா நீயும் கூடவே டிக்கெட் எடுப்பியா? திருட்டுப்பயலே!"

படகுக்காரர் ஜேசுபாதம் படகின் முன்முனையான அணியத்திலிருந்து திரும்பினார். "அண்ணாச்சி, கொஞ்சம் மெதுவா. கொழும்புலருந்து போன் வருது, சத்தத்தக் குறைக்கச் சொல்லி."

பக்கத்துப் படகுகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மீரான்கனி சிரிக்கவில்லை. 'திருட்டுப்பய' என்ற சொல் நாலு படகுக்குக் கேட்டிருந்தது. மறுபடி இறங்கினார். இந்தத் தடவை பை நிறையக் குஞ்சுகளாகவே பொறுக்கிவந்து, கரை சேர்ந்ததும் எல்லார் முன்னாலும் மச்சானின் காலடியில் கொட்டினார்.

"இந்தா, எண்ணிக்கிடும்."

சதக்குத்தம்பியின் முகம் சிவந்ததைப் பார்த்து, கலங்கரை விளக்கத்தைப் பகலிலேயே ஏற்றிவிட்டார்களோ என்று ஒரு தோணிக்காரர் குழம்பியிருக்கிறார்.

"வல்லாஹி! இனி உன் கயித்த நான் தொடமாட்டேன். அல்லாஹ்மேல ஆணை!"

சொல்லிவிட்டுக் கயிற்றை மணலில் எறிந்தார்.

வீட்டில் பீரம்மாள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் காக்கா என்று கூப்பிடும் அண்ணன் வந்து நின்று கத்தியதையெல்லாம் கேட்டாள், தலையை நிமிர்த்தவில்லை.

"நாளைக்கு யாரு பிடிப்பா?"

"நேசக்குமாரு பிடிக்கட்டும்."

"அவன் படகுல காத்து மெஷின் பாக்குறவன்லா? கயித்தப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்?"

"எனக்கென்ன! சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு, பீரம்மா. கல்லுக்குச் சொல்லியிருந்தா கலிமா சொல்லியிருக்கும்."

"நூஹு நபி தொள்ளாயிரத்து அம்பது வருசம் கூப்பிட்டாக. அவுகளுக்கு வாய் வலிக்கலியா?"

"அவுகளுக்குக் கடைசில வெள்ளம் வந்துச்சு. எனக்கு எப்ப வரும்?"

"வெள்ளம் வந்தப்ப அவுக கையில கப்பல் இருந்துச்சு. நீங்க கயித்தையும்லா போட்டுட்டு வந்து நிக்கீங்க!"

"ஆணையிட்டுட்டேன்" என்று உறுமிவிட்டு வெளியேறினார். அவர் கதவைச் சாத்திய வேகத்தில் தெருக்கோடி வரைக்கும் கதவுகள் தாமாகச் சாத்திக்கொண்டன.

மறுநாள் படகு அவரில்லாமல் போனது. கரையில் நின்று கடலை முறைத்துக்கொண்டிருந்தார். படகு வழக்கத்துக்கு முன்பே திரும்பிவந்தது. மீரான்கனி பலகையில் கிடந்தார். இடது கை அவருடையதே இல்லைபோலத் தொங்கியது.

"ரெண்டு தடவ கயித்தச் சுண்டுனாக. மேல வாரேன்னுதான அர்த்தம்? ஒரே இழுப்பா இழுத்தேன்" என்று நேசக்குமார் அழுதான்.

சதக்குத்தம்பி தொங்கிய கையைத் தூக்கிப் பலகையில் வைத்தார். அடியில் நெடுநேரம் குழாய்க்காற்றைக் குடித்தவரை அப்படி இழுத்தால் கை கால் விழுந்துவிடும். பாதி உயரத்தில் நிறுத்தவேண்டும். உடம்புக்குள் ஏறிய காற்று மெல்ல அடங்கும்வரை பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும். அப்புறம் கொஞ்சம் இழுத்து, மறுபடி நிறுத்தவேண்டும். கீழிருப்பவர் அவசரப்பட்டுச் சுண்டினாலும் மசியக்கூடாது. இத்தனை வருஷமும் வாயால் திட்டிக்கொண்டே கையால் அதைத்தான் செய்திருந்தார்.

மீரான்கனி பிழைத்துக்கொண்டார், கையும் திரும்பிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வராந்தாவில் பீரம்மாள் காக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நேசக்குமார், மீரான்கனி, கடல் என்று வரிசையாகத் திட்டிக்கொண்டிருந்தவர் தன்னைத் திட்டும் இடத்துக்கு வந்திருந்தார்.

"உங்க கைக்குப் பொறுமை தெரியும், காக்கா" என்றாள். "வாய்தான் நேசக்குமாரு மாதிரி இழுக்கு."

அன்று பெரியாஸ்பத்திரி வளாகத்தில் நிலவிய அமைதியைப் பார்த்து, யாரோ பெரிய மனிதர் மௌத்தாகிவிட்டதாக ஊருக்குள் பேசிக்கொண்டார்கள்.

ஆணையை முறிக்கப் பரிகாரமாகப் பத்து ஏழைகளுக்குச் சோறு போட்டார். அதையும் கோபத்தோடுதான் போட்டார். "தின்னுங்கல!" என்று அவர் முறைத்த முறைப்பில் போதும் என்று சொல்ல எவனுக்கும் தைரியம் வராமல், ஒருவன் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

கை சரியாகி, டாக்டர் சம்மதித்த பிறகு மீரான்கனி கடலுக்கு வந்தார். படகில் கயிற்றோடு மச்சான் உட்கார்ந்திருந்தார். முதல் முங்கு முடிந்து மேலே வந்தவர் பையைத் தட்டினார். அடியில் அதே குஞ்சுகள்.

சதக்குத்தம்பியின் நரம்பு எழும்பியது. ஜேசுபாதம் காதைப் பொத்தினார். கடற்காகங்கள் எழுந்து மணப்பாடு பக்கம் பறந்தன.

"அஸ்ஸலாமு அலைக்கும், மச்சான்" என்றார் சதக்குத்தம்பி. குரல் தொண்டைக்குள் உரசி உரசி வந்தது. "களைச்சுப்போயிருப்பீரு. அந்தக் குஞ்சுகளத் திருப்பிப் போட்டுருவமா?"

மீரான்கனி வெலவெலத்துப்போனார். "மச்சான், வீட்டுல யாரும் மௌத்தா?"

"இல்ல."

"பின்ன உமக்கு என்ன செய்யுது? நெஞ்சு வலிக்கா?"

"வலிக்கத்தான் செய்யுது. அன்னைக்கு நாலு பேரு முன்னால உம்மத் திருட்டுப்பயன்னு சொன்னது தப்பு. குஞ்ச எடுக்குறதும் தப்புதான். போடும்."

மீரான்கனி ஒரு குஞ்சை எடுத்துக் கடலில் போட்டார். மிச்சத்தைப் பைக்குள் தள்ளி முடிச்சுப் போட்டார்.

"ஒண்ணே ஒண்ணா?" என்றார் ஜேசுபாதம்.

சதக்குத்தம்பி பல்லைக் கடித்தார். கடைவாய்ப் பல் ஒன்று உடைந்தது. அதையும் கடலில் துப்பிவிட்டு, "ஒண்ணுதான். நாளைக்கும் சொல்லுவேன்" என்றார்.

மீரான்கனி மறுபடி இறங்கினார். நேரமானதும் கயிறு இரண்டு தடவை சுண்டியது. சதக்குத்தம்பி பாதி உயரம் இழுத்து நிறுத்தினார். கீழேயிருந்து இன்னொரு சுண்டு வந்தது, அவசரமாக.

"அந்தப் பையில இன்னும் குஞ்சுதான் இருக்கும், களவாணி" என்று உதட்டுக்குள் முனகினார். நரம்பு புடைத்தது, காது சூடேறியது. கை மட்டும் அசையவில்லை.

"இரும்" என்றார் தண்ணீரைப் பார்த்து. "இரும், மச்சான்."