தலைவரின் ஊன்றுகோல்

இலங்கை மலையகத்தில், வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே தொழிற்சங்கத் தலைவர் வீரய்யா, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் முழங்கிவிட்டுத்தான் சென்னைக்குப் புறப்பட்டார்.

"ரத்தப் புத்துநோயில கெடக்குற என் தம்பி பழனியாண்டிக்கு என் எலும்பையே அறுத்துக் குடுக்கப் போறேன்!"

பெண்கள் அழுதார்கள். திரும்பி வரும்போது நொண்டவேண்டுமே என்று, ஆசாரியிடம் ஊன்றுகோல்கூடச் செய்து வார்னிஷ் பூசி வைத்தாயிற்று.

ஆஸ்பத்திரியில் கத்தியே வரவில்லை. நாலு நாள் வயிற்றில் ஊசி. ஐந்தாம் நாள் கையில் குழாயைச் செருகி ஓர் இயந்திரத்தோடு படுக்கவைத்தார்கள். கிடைத்தது தக்காளி ரசம் போல ஒரு பை. அதையும் தம்பியின் நரம்பில் சொட்டவிட்டதும் வீரய்யா அலறிவிட்டார்.

"டாக்டரம்மா! எலும்புக்குப் போகவேண்டியத நரம்புல ஊத்துறீங்களே!"

"எலும்பு ஒரு வேதிப்பொருளைச் சுரக்கும் சார். ரத்தத்தை உண்டாக்குற தாய்ச்செல்லை அதுதான் கூப்பிட்டுப் பிடிச்சு வைக்குது. ஊசி போட்டு உங்க எலும்புல அந்தப் பிடியைத் தளர்த்தினோம், வெளிய வந்துச்சு. இப்போ தம்பி எலும்பு கூப்பிட்டுக்கும்."

"கூட்டிட்டுப் போக ஆளு?"

"யாரும் வேணாம். பன்னிரண்டு நாள்ல வெள்ளையணு தெரிஞ்சா பிழைச்சார்."

தான் இல்லாமல் பத்துப்பேர் ஹட்டன் பஸ் ஏறமாட்டார்கள் என்று இருபது வருடமாக நம்பியவர் அவர். தலைவன் இல்லாத கூட்டம் எங்கே போய்ச் சேரும்? தம்பி போனான் என்றே அவருக்குத் தோன்றிவிட்டது. அந்த அதிர்ச்சியோடுதான் ஊர் திரும்பினார்.

பன்னிரண்டாம் நாள் பாராட்டுக் கூட்டம். சுகமாக இருந்த காலை இழுத்து இழுத்து, ஊன்றுகோலோடு மேடையேறினார். மாலை விழுந்தது. பேசத் தொடங்கியவரின் கண் மட்டும் மேட்டுக் கடை டெலிபோன் பக்கமே போனது.

"தலைவரே! சென்னையிலருந்து டெலிபோன் கோல்!" கடைவாசலில் நின்று முதலாளி ஜமால்தீன் நானா கத்தினார்.

ஊன்றுகோல் ஒரு பக்கம், மாலை ஒரு பக்கம். வீரய்யா மேடையிலிருந்து குதித்து, மழைத்தண்ணீர் ஓடும் கானைத் தாண்டி, மேட்டில் ஓடினார். கூட்டம் வாயைப் பிளந்தது.

ரிசீவரில் தம்பி பெண்சாதி ராக்காயி தேம்பினாள். "வெள்ளையணு தெரிஞ்சிருச்சாம்! எல்லாம் எலும்புல போயிச் சேந்திருச்சாம்!"

"யாரு கூட்டிட்டுப் போனா?"

"யாரும் இல்லீங்களாம்."

கடைப்படியில் உட்கார்ந்து அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். பின்னாலேயே வந்த கிழவன் மூக்கன் ஊன்றுகோலை நீட்டினான்.

"தலைவரே, காலு நல்லாத்தானே ஓடுது. இது இனி யாருக்கு?"

"வச்சிரு. தம்பி வந்தா ஊனி நடக்கட்டும்."

பேச்சைத் தொடரச் சொல்லி ஆள் வந்தது. "நான் எதுக்கு? நீங்களே நடத்துங்க" என்று வீரய்யா கையை ஆட்டி மறுத்துவிட்டார்.