திருப்பத்துச் சுவர்

பாடையின் கால்மாட்டைப் பிடித்திருந்தவர்கள் படித் திருப்பத்தில் நின்றுவிட்டார்கள். வெறும் பாடைதான், அப்பாவை இன்னும் அதில் கிடத்தவில்லை. இறங்குகிறதா என்று முதலில் பார்த்துவிடலாம் என்று சொன்னது சித்தப்பா இசக்கிதுரை. ஏழடி மூங்கில் ஒருபுறம் குன்றின் கல்சுவரில் இடித்தது, மறுபுறம் மாரீஸ்வரி வீட்டுக் குளியலறைச் சுவரில் இடித்தது. சாய்த்தார்கள், தூக்கினார்கள், மேலே தகரக்கூரை தடுத்தது. மாரீஸ்வரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலும் இதே இடத்தில் நின்றுதான் பார்த்தாள்.

ஏழரை மணிக்கு அப்பா இசக்கிப்பாண்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. அணுசக்தி நகர் பஸ் போகும் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு, இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஏறி வந்தார்கள். கீழிருந்து இவர்கள் வீடு வரை நூற்று நான்கு படி. வந்தவர்கள் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சரை இப்படியும் அப்படியும் திருப்பினார்கள். பிறகு ஒருவன் அதைச் சுவரில் சாத்திவிட்டு, நாற்காலி இருந்தால் கொண்டு வா என்று இந்தியில் சொன்னான். பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பாவை உட்காரவைத்து, அம்மாவின் சேலையால் கட்டி இறக்கினார்கள். பாதிப் படியில் அவர் தலை தொங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில், வரும்போதே உயிர் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ஸ்ட்ரெச்சர் திரும்பியிருந்தால்? டாக்டரிடம் கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டாள். கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

இந்தக் குன்றில் படி யாருக்கும் சொந்தமில்லை, அதனால் எல்லோருக்கும் சொந்தம். ஒரு வீட்டுத் தண்ணீர் டிரம் ஒரு மூலையை எடுத்துக்கொண்டது. இன்னொரு வீட்டுச் செருப்பு ஸ்டாண்டு ஒரு முழம் எடுத்துக்கொண்டது. மாநகராட்சி ஒரே அகலமாகப் போட்டுக்கொடுத்த படியை ஆளுக்கொரு வாய் கடித்துவைத்திருந்தார்கள். அதில் பெரிய வாய் இசக்கிப்பாண்டியுடையது, இரண்டரை அடி. அதையும் அவர் தனக்காகக் கடிக்கவில்லை.

பத்தொன்பது வயதில் மாரீஸ்வரி சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தாள். பொதுக்கழிப்பறை அடிவாரத்தில் இருந்தது. இருட்டிய பிறகு படியோரம் உட்கார்ந்திருப்பவர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டு இறங்கி ஏற அவளால் ஆகவில்லை. சிறுநீரில் கிருமி என்று மூன்றாவது முறையாகக் காய்ச்சலில் படுத்தபோதுதான் அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது. அவர் எதுவும் விசாரிக்கவில்லை. வேலை பார்த்த வடாலா பட்டறையில் ஒரு வாரம் லீவு போட்டு, செங்கல்லைத் தானே சுமந்து ஏற்றி, திருப்பத்தில் இந்தக் குளியலறையைத் தானே கட்டினார். முடித்துவிட்டுக் கைகழுவும்போது, "இனி வேணுங்கிற தண்ணியக் குடி" என்றார். அவளுக்கு அன்று அழுகை வந்தது.

மேல்வீட்டு மரியசூசை வந்து, நாளைக்கு ஒரு ஆளைப் படுக்கவைத்துக் கொண்டுபோக முடியாதே என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். உமக்குப் பெண்பிள்ளை இருந்தால் தெரியும் என்று சொல்லிவிட்டார். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு அற்றுப்போனது. போன வருஷம் அடைமழையில் மரியசூசை இறந்தார். அவருடைய சவப்பெட்டி இந்தத் திருப்பத்தில் இறங்காது என்று அவர் வீட்டாருக்கே தெரிந்திருந்தது. யாரும் வந்து சண்டை போடவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு உச்சிக்கு ஏறி, படியே இல்லாத சேற்றில் அந்தப் பக்கமாக இறங்கினார்கள். அப்பா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்.

சித்தப்பா முடிவெடுத்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து ஏற்றிய மாதிரியே அப்பாவைப் போர்வையில் வைத்து இறக்குவது, கீழே சாலையில் வைத்துப் பாடையில் கட்டுவது. கல்யாணிலிருந்து வந்த மனுஷர், எதையும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது போலத்தான் முடிப்பார். எல்லோரும் சரி என்றார்கள்.

"வேண்டாம் சித்தப்பா" என்றாள் மாரீஸ்வரி.

"என்னட்டி வேண்டாம்?"

"உசுரோட இருக்கையில நாற்காலியில கட்டி இறக்கினோம். இப்பமாவது படுத்துப் போவட்டும். செவுர இடிச்சிரலாம்."

சித்தப்பா பொறுமையாகத்தான் சொன்னார். சவ வண்டி நாலரைக்கு வந்துவிடும். இடித்தால் மறுபடி கட்ட முடியாது, இப்போது யாரும் விடமாட்டார்கள். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் அம்மாவும் மகளும் நாளை விடிந்தால் எங்கே போவார்கள்?

அம்மா கோமதியம்மாள் அப்போது பேசினாள். அப்பாவின் கால் பெருவிரல்களைக் கட்டியிருந்த துணியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"மரியசூசை அண்ணன் பெட்டி மேல போன அன்னைக்கே ஒங்கப்பா இத இடிக்க எந்திரிச்சாவ. நாந்தான் கையப் பிடிச்சு உக்கார வெச்சேன், வயசுப்புள்ள இருக்காளேன்னு. அன்னைக்கு விட்டிருந்தா..."

அம்மாவும் காலையிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று மாரீஸ்வரிக்குத் தெரிந்தது. அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அங்கே நின்றால் இரண்டு பேரும் உடைந்துவிடுவார்கள் என்று வெளியே வந்து, படியில் மேலே ஏறினாள்.

ஏழு வருஷமாக ஏறாத படிகள். மரியசூசையின் மனைவி சேசம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும்.

"இப்பிடி மேல ஏத்துங்க மக்கா" என்றாள். "எங்க அவிய போன வழிதான். இப்பம் சேறு கெடையாது."

குத்திக்காட்டும் தொனி இல்லை. இருந்திருந்தால் மாரீஸ்வரிக்கு லேசாக இருந்திருக்கும்.

"ஸ்டெர்லின் கிட்ட சம்மட்டி இருக்கா அத்தை?"

நாளைக்கு என்ன செய்வாய் என்று சேசம்மாள் கேட்டாள். தெரியவில்லை என்றாள் மாரீஸ்வரி. சேசம்மாள் உள்ளே திரும்பி, கட்டட வேலைக்குப் போகும் மகன் ஸ்டெர்லினைக் கூப்பிட்டாள்.

மாரீஸ்வரி குளியலறையிலிருந்து வாளியையும் மக்கையும் சோப்பையும் அப்பாவின் சவர பிரஷ்ஷையும் எடுத்து வெளியே வைத்தாள். பிரஷ் இன்னும் ஈரமாக இருந்தது. ஸ்டெர்லின் தகரத்தைக் கழற்றிவிட்டு அடிக்கத் தொடங்கினான். இரண்டு பேர் செங்கல்லை ஓரத்தில் ஒதுக்கினார்கள். சுவர் முழுவதும் போக இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

அப்பா படுத்தபடியே இறங்கினார். பாடை திருப்பத்தில் எதிலும் படாமல் திரும்பியது. கால்பக்கம் ஸ்டெர்லின் பிடித்திருந்தான். பெண்கள் அதற்குமேல் போகவில்லை. படியில் இறங்கும் கூட்டத்தின் தலைகள் மறையும் வரை அம்மா அழுதாள். மாரீஸ்வரிக்கு அழுகை வரவில்லை.

பிணம் எடுத்த வீட்டைக் கழுவியாயிற்று. இனித் தலை முழுக வேண்டும். குழாயும் குளிக்கும் கல்லும் அதே இடத்தில் இருந்தன, நடுப்படியில் திறந்தவெளியாக. கீழே போய்க் குளிக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். சேசம்மாள் இரண்டு போர்வைகளோடு இறங்கி வந்தாள். ஒரு முனையைக் கல்சுவரோடு சேர்த்துப் பிடித்தாள். மற்ற பெண்கள் மற்ற முனைகளைப் பிடித்தார்கள். முதலில் அம்மா குளித்தாள்.

பிறகு மாரீஸ்வரி உள்ளே போய் உட்கார்ந்தாள். போர்வைக்கு மேலே சேசம்மாளின் விரல்கள் மட்டும் தெரிந்தன. தலையில் ஊற்றிய தண்ணீர் செங்கல் தூளைக் கரைத்துக்கொண்டு சிவப்பாகப் படியிறங்கியது. மறுபடி ஊற்றினாள். மணி ஆறு ஆகியிருக்கும். வேலை விட்டு ஏறி வந்த ஆண்கள் திருப்பத்துக்குக் கீழேயே நின்றுவிட்டார்கள். யாரும் அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை. டிபன் பைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, சாலையைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். தண்ணீர் அவர்கள் செருப்புகளுக்கு நடுவே ஓடியது.